ஆரஞ்சுக் கூனி

என் அண்ணியை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தூண்டில் போட வரும் வெளியூர்க்காரர்களுக்கு அவள் கூனிக்கடை அம்மா. உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் கூனிக்கடை. எனக்கு அண்ணி, அவளுக்கு நான் வாயாடி. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் என் தையல் கடை, அந்தப் பக்கம் அவள் கடையும் வீடும். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் மெஷினை மிதித்தால் அவளுக்குத் தலைவலி வரும்.

கூனி என்பது அரிசி அளவிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு வரை இருக்கும் ஓர் ஆற்றுப் பூச்சி. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லிக்கொள்ள இறாலுக்குத்தான் வெட்கமாக இருக்கும். பாசிக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் கிடக்கும். பாசியோடு பாசியாகச் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். கையில் எடுத்தால் சுருண்டுகொள்ளும். தண்ணீரில் விட்டால் உடம்பை நேராக்கி, ஒருக்களித்துப் படுத்தபடியே ஓடும். ஊரில் பாதிப் பேர் அதை ஏறிட்டும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டு உலை கொதித்தது அதனால்தான்.

எங்கள் ஊர் அணைக்குக் கீழே இருக்கிறது. அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர் நல்ல வெயில் காலத்திலும் எலும்பு வரை குளிரும். அந்தக் குளிரில்தான் டிரவுட் மீன் வாழும். வேறு ஆறுகளில் ஒரு சாண் வளர்கிற டிரவுட் இங்கே ஒரு முழம் வளர்ந்தது, காரணம் கூனி. எந்நேரமும் பந்தி விரித்து வைத்திருந்தால் யார்தான் கொழுக்கமாட்டார்கள்? அந்த மீனைப் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ கார் கட்டிக்கொண்டு வருவார்கள். பிடிப்பார்கள், கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள், பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். "விடறதுக்கு எதுக்குய்யா புடிக்கறீங்க?" என்று ஒருமுறை ஒருவரிடம் கேட்டுத் தொலைத்துவிட்டேன். அண்ணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தேனாம்.

அண்ணி பிறந்தது தண்ணீர் லாரிக்கு வாளியோடு வரிசையில் நிற்கும் ஒரு வறண்ட ஊர். தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டும் என் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டி இந்தக் குளிருக்குள் வந்து விழுந்தாள். வந்த புதிதில் ஒருநாள் அண்ணன் சமையலறைப் பலகையில் ஒரு மீனை வைத்து வயிற்றைக் கீறி, "இங்க பாரு, இதுதான் நம்ம சோறு" என்று காட்டினான். உள்ளே கூனி, கூனி, கூனி. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அப்படி ஓடியவள்தான் அடுத்த வருஷமே, மீனை ஏமாற்றத் தூண்டிலில் மாட்டும் பொய்க்கூனியை அண்ணனைவிட நன்றாகக் கட்டினாள். சின்னத் தூண்டில் முள்ளை இடுக்கியில் மாட்டி, பழைய ஸ்வெட்டரிலிருந்து பிய்த்த கம்பளியை அதில் முறுக்கிச் சுற்றி, முதுகுக்குப் பிளாஸ்டிக் பையின் ஒரு கீற்றை இழுத்துப் பிடித்து, மேலே எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியால் வரி வரியாகக் கட்டுவாள். கடைசியில் ஊசி முனையால் கம்பளியைக் கிளறிவிட்டால் கால்கள் வந்துவிடும். அதைத் தண்ணீரில் போட்டால் மீன் மட்டுமல்ல, நானே ஏமாந்துபோவேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்தது நெஞ்சு வலியில். நடந்துகொண்டிருந்தவன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் சாய்ந்தான். அவன் விட்டுப்போனது அந்தக் கடை, ஒரு பையன், ஒரு சட்டம். ஆற்றில் கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதே முகமாகத் திருப்பி வைக்க வேண்டும். அடியில் இருக்கிற கூனிக்கு அதுதான் கூரை. பையனுக்கு அப்போது மீசை முளைக்கவில்லை. முளைத்ததும் நகரத்துக்குப் போய்விட்டான். ஒரு பெரிய கிடங்கில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே பார்சல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வற்றியிருப்பான்.

அண்ணிக்கு இருந்தது ஒரே ஆசை. அவன் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அதை மூடி மறைக்கவும் மாட்டாள். "அவன் என் கண்ணு முன்னால இருக்கணும்டி. என் கையால ராத்திரிச் சாப்பாடு சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்பாள். "அப்ப எங்கிட்டேருந்து எடுத்துட்டுப் போன பட்டன் டப்பாவும் வேணாமா?" என்று கேட்டால் முறைப்பாள்.

வருஷம் தவறாமல் வரும் வாடிக்கைக்காரர்களில் ஒரு பல் டாக்டர் உண்டு. தொழில் புத்தியோ என்னவோ, பிடித்த மீனின் வாயைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார். அவருக்கும் அண்ணிக்கும் எப்போதும் ஒரே வழக்கு.

"கரையில ஆரஞ்சு கலர்ல நாலஞ்சு கூனி கெடந்துச்சும்மா. அந்தக் கலர்ல கட்டித் தாங்களேன்."

"அது செத்தது டாக்டர். கூனி செத்தாத்தான் ஆரஞ்சாகும். இறாலு வெந்தா செவக்கற மாதிரி."

"இல்லம்மா, மாசமா இருக்கற கூனி ஆரஞ்சா இருக்கும்னு படிச்சிருக்கேன்."

"அது வயித்துல ஒரு பொட்டு மட்டும். உடம்பு பூரா ஆரஞ்சுன்னா எழவு வீடுன்னு அர்த்தம். மீனுக்குப் பைத்தியமா, ஓடறத விட்டுட்டுச் செத்ததத் தேட?" என்று சொல்லிப் பச்சைக் கூனிகளை அவர் கையில் திணித்து அனுப்புவாள்.

அணைக்குக் கீழே, எங்கள் ஊரையும் தாண்டி, ஒரு காகித ஆலை இருந்தது. அதற்கு ராப்பகலாகத் தண்ணீர் வேண்டும் என்பதால் அணையில் ஒரு மதகு எப்போதும் கொஞ்சம் திறந்தே இருந்தது. எங்கள் கூனிக்கென்று யாரும் தண்ணீர் விடவில்லை. ஆலைக்குப் போகிற தண்ணீரில் அது ஓசிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை. ஆலையை மூடியபோது ஊரில் பல வீடுகளில் அழுகை. அண்ணியும் நானும் மட்டும், புகை ஒழிந்தது, இனித் துணி காயப்போட்டால் வெள்ளையாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டோம்.

அதன்பிறகு பகலில் யாருக்குத் தண்ணீர் என்று அணைக்காரர்கள் யோசித்தார்கள். நகரத்தில் விளக்கெல்லாம் எரிகிற நேரத்துக்குத்தான் அணையில் எடுக்கிற மின்சாரம் வேண்டும். அதனால் சாயங்காலம் மதகைத் திறப்பார்கள், காலையில் ஒரேயடியாக மூடுவார்கள். பகல் முழுக்க ஆறு நடுவில் ஒரு வாய்க்காலாக ஒடுங்கிக் கிடக்கும். இரண்டு கரையிலும் பாசி வெயிலில் காயும். வடிகிற தண்ணீரோடு கூனியும் இறங்கிப் போய்விடலாம், நேரம் கொடுத்தால். கொடுக்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் ஏறும்போது காய்ந்த பாசியிலிருந்து செத்த கூனிகளை அள்ளிக்கொண்டு போகும். எல்லாம் ஆரஞ்சு.

அந்த வருஷம் பல் டாக்டர் ஒரு சாயங்காலம் மூச்சிரைக்க ஓடிவந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார்.

"அம்மா! வாயைத் தொறந்து பாத்தேன். தொண்டை வரைக்கும் ஆரஞ்சு! மீனெல்லாம் கரையோரமா வந்து வரிசை கட்டி நிக்குது. இப்பவாவது கட்டித் தருவீங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் போர்த்தியிருந்த சால்வையைப் பார்த்தாள் என்பதுதான் சரி. ஆரஞ்சு நிறம், நல்ல கம்பளி. வாங்கி ஒரு குளிர்காலம்கூட ஆகவில்லை.

"ஓரத்துல கொஞ்சூண்டு பிச்சுக்கறேன்டி" என்றாள். ஓரத்தில் ஆரம்பித்தது, நடுவுக்கு வந்தது, மாசக் கடைசியில் என் தோளை மூடவும் துணி இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னமும் தீரவில்லை.

டாக்டர் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். அப்படி ஒரு கூட்டத்தை எங்கள் தெரு பார்த்ததே இல்லை. கடை வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல் என் வாசலிலும் நிறுத்தினார்கள். முதல் தடவை தூண்டில் பிடித்தவன்கூட முழ நீள மீன் பிடித்தான். அண்ணி சோறு தண்ணி மறந்து ஆரஞ்சுக் கூனி கட்டினாள். கட்டக் கட்டப் போதவில்லை.

"அண்ணி, ஆரஞ்சுன்னா எழவு வீடுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். வாய் சும்மா இருக்காமல் கேட்டதுதான், எனக்கும் அதில் பெரிய யோசனை ஒன்றும் கிடையாது.

"ஆமா. அதுக்கென்ன இப்ப? மீனு அதக் கேக்குது, நான் அதக் குடுக்கறேன்" என்றாள் தலை நிமிராமல்.

அந்தச் சமயத்தில்தான் என் மருமகன், அதாவது அவள் பையன், லீவில் வந்தான். வந்தவன் வரிசையைப் பார்த்து வாய் பிளந்தான். அண்ணி அவன் தட்டில் சாதத்தைப் போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒத்தக் கையால முடியலடா. அந்த வேலைய விட்டுட்டு வந்துடு."

"அடுத்த வருஷமும் இப்படியே இருக்குமாம்மா?"

"உங்கப்பா காலத்துலயே இவ்ளோ மீனு வந்ததில்ல. எல்லாம் உனக்காகத்தான் வந்திருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். "வந்துடுடா, உங்கம்மா என்னைச் சாகடிக்கறா" என்றேன். அவன் சிரித்தான். அடுத்த மாசமே கிடங்கு வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினான். முன்னறையைக் காலி செய்து கடையைப் பெரிதாக்கினான். ஷட்டர் முழுக்க ஒரு பெரிய ஆரஞ்சுக் கூனியை அவனே வரைந்தான். கால் எண்ணிக்கை தப்பு என்று அண்ணி குறை சொன்னாள், ஆனால் அதன் முன்னால் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்ததுபோல அதற்கு முன்போ பின்போ சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் டாக்டர்தான் முதலில் வந்தார். சாயங்காலம் திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. பிடித்த ஒரே மீனைப் போட்டோவில் காட்டினார். தலை மட்டும் பெரிசு, பின்னால் உடம்பு ஒட்டிப்போய் வால்தான் இருந்தது. வாயைத் திறந்து பார்த்தாராம். உள்ளே ஒன்றும் இல்லையாம். வேண்டாத மன்னிப்பெல்லாம் கேட்டுவிட்டு இரண்டாம் நாளே கிளம்பினார். அதன்பிறகு அவர் வரவில்லை.

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். நானும் போனேன். கல்லைப் புரட்டினாள், பார்த்தாள், அதே முகமாக வைத்தாள். அடுத்த கல். பாசியே கறுத்து நூல் நூலாகத் தொங்கியது. அணைச் சுவர் தெரிகிற இடம் வரைக்கும் போனோம். அங்கே ஒரு பெரிய கல்லுக்கு அடியில் ஒரே ஒரு கூனி இருந்தது. அண்ணி அதைக் கையில் எடுத்தாள். சுருண்டுகொண்டது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"போன வருஷம் பூரா அதுங்க செத்துக்கிட்டிருந்துச்சுடி. நான் எழவு வீட்டுல கடை போட்டு வித்திருக்கேன்" என்றாள். பிறகு, "அவன வேற வரச் சொல்லிட்டேனே" என்று கல்லின்மேல் உட்கார்ந்து அழுதாள்.

அணை அதிகாரியைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், அதில் குற்றம் சொல்ல முடியாது. உட்கார வைத்தார், டீ வரவழைத்தார், அண்ணி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பகல்ல ஒரு விரக்கடை தொறந்து வெச்சாப் போதும் சார். பாசி நனைஞ்சிருந்தா அது எப்படியாவது பொழச்சுக்கும்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா பகல்ல விடற தண்ணி சாயங்காலத்துக்கு இருக்காது. ஆலைக்கு விடணும்னு உத்தரவு இருந்துச்சு, விட்டோம். பூச்சிக்கு விடணும்னு உத்தரவு கெடையாது. நான் எழுதிப் பாக்கறேன்."

எழுதியிருப்பார். எழுதுகிற ஆள்தான். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "உங்க பையனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்ல? கண்ட்ரோல் ரூமுக்கு ஆள் தேவைப்படுது. உள்ளூர் ஆளா இருந்தா நல்லது" என்றார்.

மதகைத் திறந்து மூடுகிற வேலை. வீட்டில் பையன் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான். கிடங்கில் பழைய வேலை கிடைக்கவில்லை, இன்னும் தூரத்தில் வேறு ஊரில் கேட்டு வைத்திருந்தான். கண்ட்ரோல் ரூம் விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு மூஞ்சி செத்துவிட்டது.

"நானாம்மா? நான் மூடணுமா?"

"நீ மூடலன்னா வேற எவனோ மூடப்போறான்" என்றாள் அண்ணி. "வீட்டுலயே இருக்கலாம்ல."

நீலச் சட்டையும், மேலே போடுகிற ஆரஞ்சு கோட்டும் கொடுத்தார்கள். தொளதொளவென்று இருந்ததை நான்தான் பிடித்துத் தைத்தேன். நிறத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

வேலைக்குப் போன கொஞ்ச நாளில் அவனாகவே ஒரு யோசனை கண்டுபிடித்தான். காலையில் மதகை ஒரேயடியாக மூடாமல், கொஞ்சம் கொஞ்சமாக மூடுவது. தண்ணீர் மெதுவாக வடிந்தால் மிச்சமிருக்கிற கூனிகள் கூடவே இறங்கி நடு ஆற்றுக்குப் போய்விடும் என்று அவன் அப்பா சொன்னது ஞாபகம் வந்ததாம். அப்படியே செய்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று மேலே இருந்து போன் வந்தால், மதகு இறுகிக்கொண்டது என்று பொய் சொன்னான். அன்று ராத்திரி தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"பாத்தியாம்மா? எறங்கிப் போச்சா?"

அன்று காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஆற்றில் நின்றிருந்தோம். தண்ணீர் அழகாக, மெதுவாக வடிந்தது. அதோடு ஒன்றும் இறங்கவில்லை. இறங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அணைச் சுவர் பக்கத்துக் கல்லுக்கு அடியிலும் மணல்தான் இருந்தது.

"போச்சுடா" என்றாள் அண்ணி. "கரையோரமா கூட்டம் கூட்டமா எறங்குச்சு. உங்கத்தையக் கேளு."

"கண்ணு பத்தல" என்றேன் நான்.

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டான். அன்றிலிருந்து தினமும் மெதுவாக மூடினான், தினமும் கேட்டான், தினமும் அவள் ஏதாவது சொன்னாள். குட்டிக் கூனி பார்த்தேன் என்பாள், மாசமான கூனி பார்த்தேன் என்பாள். மேலே இருந்து திட்டு பலமாகிக்கொண்டே வந்தது. ஒருமுறை எச்சரிக்கை கொடுத்தார்கள். அவன் அசரவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் போனா டாக்டர் திரும்ப வருவாரு பாருங்க அத்தை" என்றான் என்னிடம். பொய்யைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு ராத்திரியும் அண்ணி பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் ரொம்ப நேரம் கேட்கும்.

அவனுக்கு ஒரு விடுமுறை நாள், அன்று மதகை மூடியது வேறு ஆள். நான் கடையைத் திறக்கும்போது அண்ணி தலையை வாராமல் ஓடிவந்தாள்.

"அவன் படுக்கையில இல்லடி."

எங்கே போயிருப்பான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மேட்டில் ஏறிப் பார்த்தோம். கீழே வடிந்த ஆற்றில், முழங்கால் வரை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து நின்றான். ஒரு கல்லைப் புரட்டினான், பார்த்தான், அதே முகமாக வைத்தான். அடுத்ததைப் புரட்டினான். அவன் அப்பனைப் பார்ப்பதுபோலவே இருந்தது. நான் கூப்பிட வாயெடுத்தேன், அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மேலே மேலே போய்க்கொண்டிருந்தான். ஒரு இடத்துக்குப் பிறகு புரட்டிய கல்லைத் திருப்பி வைப்பதை விட்டுவிட்டான். புரட்டினான், பார்த்தான், அப்படியே போட்டுவிட்டு நடந்தான்.

அவன் பார்ப்பதற்கு முன் நாங்கள் திரும்பிவிட்டோம். மத்தியானம் வீட்டுக்கு வந்தான், கால் கழுவினான், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்கினான்.

மறுநாள் காலையில் நான் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றுச் சத்தம் எனக்குப் பழகிப்போனது, இருப்பதே தெரியாது. அன்று அது சட்டென்று நின்றபோதுதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. ஒரேயடியாக நின்றது. நான் மெஷினை நிறுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி எதையோ அரிந்துகொண்டிருந்த சத்தமும் நின்றது.

ராத்திரி அவள் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அவனோடு தனியாக உட்காரப் பயந்தாள் என்று நினைக்கிறேன். பையன் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அண்ணி பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தாள். சொல்வதற்கு ஏதோ தயாராக வைத்திருந்தாள், எனக்கு அவளைத் தெரியும். அவன் கேட்கவில்லை. தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

"இன்னும் கொஞ்சம் போடவாடா?"

"போதும்மா" என்றான்.